புரோப் பிடிக்கத் தெரிந்தால் போதுமா? படுக்கையருகு ஸ்கேன் பற்றி வாசகர் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஐ.சி.யூ.விலும் மருத்துவரே கருவியை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்து செய்யும் அல்ட்ராசவுண்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். தலைப்பில் உள்ள புரோப் என்பது, ஸ்கேனுக்காக உடலின் மேல் வைத்து நகர்த்தும் கைப்பிடிப் பகுதி. பெரும்பாலான கேள்விகள் இளம் மருத்துவர்களிடமிருந்து வந்தவை. அதனால் சில பதில்கள் நுணுக்கமாகவே போகும்.

கேள்வி: அப்பாவுக்கு நள்ளிரவில் கடுமையான மூச்சுத்திணறல். அவசரப் பிரிவு டாக்டர் ஒரு சின்ன மெஷினை மார்பில் அங்கங்கே வைத்துப் பார்த்தார். "நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது" என்று சொல்லி உடனே ஊசி போட்டார். எக்ஸ்-ரே பிறகுதான் எடுத்தார்கள். ரேடியாலஜிஸ்ட் செய்யாத ஸ்கேனை நம்பலாமா?
— வாசகி, திருச்சி

நம்பலாம், அந்த டாக்டர் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விக்கு மட்டும். ரேடியாலஜி அறையில் செய்யும் ஸ்கேன் ஓர் உறுப்பை முழுக்க அலசிப் பார்த்து அறிக்கை தரும். படுக்கையருகு ஸ்கேன் அப்படியல்ல. நுரையீரலில் நீர் இருக்கிறதா, வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா, இதயத்தைச் சுற்றித் திரவம் இருக்கிறதா என்று ஆம்–இல்லை என்ற பதில் வரக்கூடிய கேள்வியோடு தொடங்கி, அந்தப் பதில் கிடைத்ததும் முடிந்துவிடும்.

காற்று நிறைந்த நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியாது என்றுதான் நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். அது உண்மையும்கூட. நுரையீரலின் உட்பகுதி படமாக வராது. ஆனால் அங்கே தோன்றும் போலிக் கோடுகளே (உண்மையான உறுப்பு அல்லாமல், ஒலி எதிரொலிப்பதால் திரையில் விழுபவை) நோய்க்குத் தக்கபடி மாறுகின்றன என்பதைப் பிரான்சின் தீவிர சிகிச்சை நிபுணர் டேனியல் லிக்டென்ஸ்டைன் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். 2008-இல் 'செஸ்ட்' இதழில் வெளியான அவருடைய ப்ளூ நெறிமுறை, மூச்சுத்திணறலோடு வந்த 260 நோயாளிகளில் 90.5 சதவீதம் பேருக்குச் சரியான காரணத்தைக் காட்டியது. காற்று சரியாக இருக்கும் நுரையீரலில் சம இடைவெளியில் கிடைக்கோடுகள் தெரியும்; அவை ஏ-லைன். நீர் கோத்த நுரையீரலில் மேலிருந்து கீழாகப் பளிச்சென்று இறங்கும் கோடுகள் வரும்; அவை பி-லைன். உங்கள் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் பி-லைன்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நுரையீரல் தழும்பேறும் நோயிலும், நிமோனியாவிலும்கூட பி-லைன் வரும். அதனால்தான் டாக்டர் இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., பழைய இதயநோய் வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து முடிவெடுக்கிறார். மூச்சு முட்டும் நோயாளிக்கு முதலில் சிகிச்சை, பிறகு எக்ஸ்-ரே என்பது சரியான வரிசைதான்.

கேள்வி: நான் பி-லைன் என்று காட்டுவதைச் சீனியர் பாதி நேரம் ஏற்பதில்லை. எதை வைத்து உறுதி செய்வது?
— முதுநிலை மாணவர், மதுரை

முதலில் கருவியின் அமைப்பைச் சரிபாருங்கள். புது மெஷின்களில் படத்தை அழகாக்கும் வசதிகள் இருக்கும்: ஹார்மோனிக், காம்பவுண்ட் இமேஜிங் போன்றவை. போலி நிழல்களைத் துடைத்தெடுப்பதே அவற்றின் வேலை. நீங்கள் தேடுவதோ அந்தப் போலிக் கோட்டைத்தான். எனவே இரண்டையும் அணைத்துவிடுங்கள். மெஷினில் 'லங்' என்று தனி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பி-லைனுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த புரோப், ஆழம் சுமார் 15 சென்டிமீட்டர். நுரையீரல் உறை சறுக்குவதைப் பார்க்க மட்டும் நேர்முகப்புள்ள லீனியர் புரோப்பை எடுத்து ஆழத்தை 4, 5 சென்டிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

புரோப்பின் குறி தலைப்பக்கம் இருக்கட்டும். திரையில் இரண்டு விலா எலும்புகளும் அவற்றின் கறுப்பு நிழல்களும் வர வேண்டும். பெரியவர்களுக்கு விலாவின் மேற்கோட்டிலிருந்து ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் கீழே பளிச்சென்ற கிடைக்கோடு தெரியும். அதுதான் நுரையீரல் உறை. இரு விலாக்களும் நடுவில் அந்தக் கோடும் சேர்ந்து சிறகு விரித்த வௌவால் போலத் தெரிவதால் இதற்கு வௌவால் சின்னம் என்று பெயர். இது திரையில் வராமல் எந்தக் கோட்டையும் எண்ணத் தொடங்காதீர்கள். உறை மங்கலாகத் தெரிந்தால் புரோப் மார்புச் சுவருக்குச் செங்குத்தாக இல்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு டிகிரி சாய்த்தால் கோடு சட்டென்று பளிச்சிடும்.

ஒரு கோட்டை பி-லைன் என்று சொல்ல அது உறையிலிருந்து கிளம்ப வேண்டும், மங்காமல் திரையின் அடிவரை போக வேண்டும், வழியில் உள்ள ஏ-லைன்களை அழிக்க வேண்டும், மூச்சோடு சேர்ந்து அசைய வேண்டும். உறையிலிருந்து கிளம்பி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் மங்கிப்போகும் குட்டிக் கோடுகளை இசட்-லைன் என்பார்கள். அவற்றுக்கு எந்த அர்த்தமும் இல்லை. மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இவற்றிடம்தான். தோலுக்கடியில் காற்று புகுந்த நோயாளியிடம் உறைக்கு மேலிருந்தே கோடுகள் இறங்கும். அவை அடிவரை போவதால் பி-லைன் என்றே தோன்றும். ஆனால் அந்தப் படத்தில் வௌவால் இருக்காது.

ஒரு விலா இடைவெளியில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்த இடம் 'பாசிட்டிவ்'. இரு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு இடங்களாவது பாசிட்டிவாக இருந்தால் நுரையீரல் முழுவதும் பரவிய பாதிப்பு என்று சொல்லலாம். படுத்திருக்கும் நோயாளியின் அடி நுரையீரலில் ஒன்றிரண்டு கோடுகள் இருப்பது சாதாரணம். கோடுகள் திட்டுத்திட்டாக இருந்து, உறை கரடுமுரடாகி, சறுக்கலும் குறைந்திருந்தால் இதயத்தைச் சந்தேகிக்கும் முன் நிமோனியாவை நினையுங்கள்.

கேள்வி: விபத்தில் அடிபட்டவருக்கு ஃபாஸ்ட் ஸ்கேன் நெகட்டிவ் என்று வந்து, பிறகு சி.டி.யில் வயிற்றில் ரத்தம் தெரிவது ஏன்? தவறு கருவியிலா, கையிலா?
— அவசரப் பிரிவு மருத்துவர், சேலம்

இரண்டிலும் இருக்கலாம், நேரத்திலும் இருக்கலாம். நேரத்திலிருந்தே தொடங்குவோம். ஃபாஸ்ட் என்பது அடிபட்டவரின் வயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று விரைவாகப் பார்க்கும் ஸ்கேன். கொஞ்சமே ரத்தம் இருந்தால் அதில் தெரியாது. 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுக்குள் திரவம் செலுத்திக் கழுவும் பரிசோதனைக்கு உள்ளான 100 பேரின் கல்லீரல்–சிறுநீரக இடுக்கைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திரவம் திரையில் முதலில் தென்பட்டபோது உள்ளே போயிருந்த அளவு சராசரியாக 600 மில்லிக்குச் சற்று மேல். எனவே அடிபட்டுப் பத்து நிமிடத்தில் வந்தவரின் நெகட்டிவ் ஸ்கேன் "இன்னும் தெரியவில்லை" என்று மட்டுமே சொல்கிறது. நாடித்துடிப்பு ஏறினாலோ, வயிறு வலித்தாலோ, இல்லாவிட்டாலும் அரை மணி நேரத்திலோ திரும்பப் பாருங்கள். குடல் கிழிசலையும், வயிற்றுக்குப் பின்புறம் தேங்கும் ரத்தத்தையும் ஃபாஸ்ட் எப்போதுமே சரியாகக் காட்டாது.

இனி கை. வலப்பக்கம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலான மொரிசன் பையின் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரத்தம் பெரும்பாலும் முதலில் சேர்வது கல்லீரலின் கீழ்நுனியைச் சுற்றி. அந்த நுனி திரையில் வரும்வரை புரோப்பைக் கால்பக்கம் இறக்குங்கள். இறக்கிய இடத்தில் முன்னும் பின்னுமாக விசிறுங்கள்.

இடப்பக்கத்தில்தான் அதிகம் தவறுகிறது. மண்ணீரல் கல்லீரலைவிடச் சிறியது, இன்னும் பின்னால், இன்னும் மேலே இருக்கிறது. புரோப் பிடித்த கையின் முட்டி படுக்கையில் உரசும் அளவுக்குப் பின்னால் போனால்தான் நல்ல படம் வரும். வலப்பக்கம் பார்த்த இடத்தைவிட ஒரு விலா இடைவெளி மேலே வையுங்கள். இங்கே திரவம் முதலில் சேர்வது உதரவிதானத்துக்கும் மண்ணீரலுக்கும் நடுவில். மண்ணீரல்–சிறுநீரக இடுக்கை மட்டும் பார்த்து "கிளியர்" என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இரைப்பை நிறைய உணவோடு வந்தவரிடம் அந்த உணவே திரவமாகத் தெரிந்து ஏமாற்றுவதும் இந்தப் பக்கம்தான்.

இடுப்புப் பகுதியைச் சிறுநீர்க் குழாய் போடும் முன்பே பாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பைதான் அங்கே நமக்கு ஜன்னல். அதன் பின்புறம் படம் மிகைவெளிச்சமாக இருக்கும். கெயினை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, குறைக்காவிட்டால் மெல்லிய ரத்தத் திட்டு அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வாட்டத்திலும் பார்ப்பது கட்டாயம்.

இன்னொன்று: திரவம் என்றால் கறுப்பு என்று மனப்பாடம் செய்திருப்போம். உறைந்த ரத்தம் சாம்பல் நிறத்தில், பக்கத்து உறுப்பைப் போலவே தெரியும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பும் சாம்பல்தான். அதனால் கறுப்புப் பட்டையைத் தேடுவதோடு, உறுப்புகளின் எல்லைக்கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இதயத்தின் முன்புறம் மட்டும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு. மார்பெலும்பின் இடப்புறமிருந்து பார்க்கும்போது, இறங்கு பெருந்தமனிக்கு முன்னால் நுழையும் திரவம் இதய உறைக்குள் இருப்பது. பின்னால் ஓடுவது நுரையீரல் உறைக்குள் இருப்பது. இந்த ஒரு தமனியை அடையாளம் காணத் தெரிந்தால் தேவையில்லாத பல பதற்றங்களைத் தவிர்க்கலாம்.

கேள்வி: எத்தனை ஸ்கேன் செய்தால் பயிற்சி முடிந்தது என்று கொள்ளலாம்? எங்கள் துறையில் ஒரு பயிற்சித் திட்டம் வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
— உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்

பலரும் மேற்கோள் காட்டும் எண் அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி வெளியிட்டது: ஒவ்வொரு வகை ஸ்கேனிலும் 25 முதல் 50, மொத்தமாக 150 முதல் 300. தொடக்க இலக்காக அதை வைத்துக்கொள்ளலாம். அதையே சான்றிதழாக்கும் துறைகளைப் பார்த்தால் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. ஒரே தவறை 50 முறை செய்தவரும் அந்தப் பட்டியலில் தேறிவிடுவார். 25 ஃபாஸ்ட் செய்து அத்தனையும் நெகட்டிவாக இருந்தவர் ரத்தத்தைத் திரையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

உங்கள் திட்டத்துக்கு எங்கள் யோசனை இது. முதல் அரை நாள் நோயாளி வேண்டாம். பயிலுநர்கள் ஒருவரையொருவர் பார்க்கட்டும். ஒரு கருவிக்கு மூன்று பேருக்கு மேல் போனால் கடைசியில் நிற்பவர் வேடிக்கைதான் பார்ப்பார். அன்றைக்கு ஆழம், கெயின், புரோப்பின் நான்கு அசைவுகள் ஆகியவற்றை மட்டும் கற்பியுங்கள். நான்கு அசைவுகள் என்பவை இடம்விட்டு நகர்த்துதல், நின்ற இடத்தில் விசிறுதல், நீளவாக்கில் சாய்த்தாட்டுதல், சுழற்றுதல். ஒரு நேரத்தில் ஓர் அசைவு மட்டும் என்பது கண்டிப்பான விதி. நகர்த்திக்கொண்டே சுழற்றுபவர் நல்ல படத்தைத் தற்செயலாகப் பிடித்துத் தற்செயலாகவே தொலைப்பார். ஆசிரியருக்கும் ஒரு விதி: புரோப்பைப் பிடுங்கக் கூடாது. "கால்பக்கம் ஒரு விரல் அளவு நகர்த்துங்கள், இப்போது விசிறுங்கள்" என்று வாயால்தான் சொல்ல வேண்டும். பிடுங்கிக் காட்டும்போது ஆசிரியரின் கைதான் இன்னொரு முறை பழகுகிறது.

அடுத்து, நோய் உறுதியானவர்களைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வயிற்றில் நீர் கோத்த கல்லீரல் நோயாளி, வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவர், நுரையீரல் உறையில் நீர் உள்ள காசநோயாளி போன்றோர் சம்மதித்தால் அவர்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை. டயாலிசிஸ் நோயாளியிடம் திரவம் உள்ளே போகப் போக மொரிசன் பையில் கறுப்புப் பட்டை விரிவதை நேரிலேயே பார்க்கலாம்.

மூன்றாவது கட்டம்தான் உயிர்நாடி. ஒவ்வொரு ஸ்கேனிலும் ஆறு விநாடி வீடியோவைச் சேமிக்க வேண்டும். சி.டி.யோ எக்ஸ்-ரேயோ வரும் முன்பே பயிலுநர் தன் முடிவை எழுதி வைக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் அனுபவமுள்ளவர் உட்கார்ந்து அவற்றைத் திருத்த வேண்டும். 2012-இல் வெளியான ஐ-எய்ம் என்னும் கற்பித்தல் முறை இதற்கு நல்ல சட்டகம் தருகிறது. இந்த ஸ்கேன் தேவைதானா, படம் சரியாக எடுக்கப்பட்டதா, சரியாகப் படிக்கப்பட்டதா, சிகிச்சையில் சரியான முடிவுக்குக் கொண்டுபோனதா என்று நான்கு படிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். மோசமான படத்தை வைத்துச் சரியான முடிவைச் சொல்பவர் ஊகிக்கிறார். அவரைத் திரும்பக் கருவியோடு நிறுத்த வேண்டும். நல்ல படத்தைத் தவறாகப் படிப்பவருக்குக் கருவி வேண்டாம், நூறு வீடியோக்களைக் காட்டினால் போதும். ஒரே மொத்த மதிப்பெண் போட்டால் இந்த இருவரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் திருத்த ஆள் கிடைக்காது என்றால், கருவி வாங்குவதையே ஒத்திப்போடுங்கள் என்றுதான் சொல்வோம். மாதக்கணக்கில் புரோப்பைத் தொடாதவரின் கை மறந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு மறுபரிசோதனை வையுங்கள். அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 2006 முதல் முதலாண்டு மாணவர்களிலிருந்தே அல்ட்ராசவுண்டைப் பாடத்தோடு சேர்த்துவிட்டார்கள். உடற்கூறியல் வகுப்பிலேயே கையில் புரோப் வந்துவிடுவதால் முதுநிலையில் நோயைப் படிப்பதற்கு நேரம் மிஞ்சுகிறது.

கேள்வி: மூச்சுத்திணறலில் நுரையீரல் ஸ்கேனையும் எக்ஸ்-ரேயையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத இருக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?
— முதுநிலை மாணவி, சென்னை

எக்ஸ்-ரேயை உண்மையின் அளவுகோலாக வைக்காதீர்கள். படுத்தபடி எடுத்த எக்ஸ்-ரே பல நோய்களைத் தவறவிடும். ஸ்கேன் சரியாகக் கண்டுபிடித்தது உங்கள் அட்டவணையில் "தவறான பாசிட்டிவ்" என்று விழும். எல்லா விவரங்களையும் பார்த்து, ஸ்கேன் முடிவு தெரியாத இரண்டு மூத்த மருத்துவர்கள் தரும் இறுதி நோயறிதலை அளவுகோலாக வையுங்கள்.

எது பாசிட்டிவ் என்பதை முதல் நோயாளிக்கு முன்பே எழுத்தில் வரையறுங்கள். வீடியோக்களை இன்னொருவரும் தனியே படித்து, இருவரின் ஒற்றுமையைக் காப்பா மதிப்பாக (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் அளவு) தாருங்கள். படம் சரியாக வராதவர்களை விட்டுவிடாமல் எண்ணிக்கையோடு எழுதுங்கள். நீங்கள் பணியில் இருக்கும் பகல் நேரத்தில் வந்தவர்களை மட்டும் சேர்த்தால், இரவு வரும் கடுமையான நோயாளிகள் ஆய்வுக்கு வெளியே போய்விடுவார்கள்.

மேலே சொன்ன ப்ளூ ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சேர்த்தது 301 பேர். நோயறிதல் உறுதியாகாதவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் உள்ளவர்கள், அரிய நோயுள்ளவர்கள் என 41 பேரை நீக்கிய பிறகுதான் 260. உங்கள் வார்டில் இதயநோயும் நிமோனியாவும் சேர்ந்தே வரும் முதியவருக்கு 90.5 சதவீதம் பொருந்தும் என்று எழுத முடியாது. ஆய்வின் பெருமை இதனால் குறைவதில்லை. எண்ணின் எல்லை தெரிகிறது.

துல்லியம் வேறு, பலன் வேறு. காரணம் தெரியாமல் இரத்த அழுத்தம் விழுந்த 273 பேரிடம் வட அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஷாக்-ஈடி ஆய்வு 2018-இல் வெளியானது. படுக்கையருகு ஸ்கேன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு தெரியவில்லை. ஆய்வேட்டில் இதை மறைக்காமல் எழுதுங்கள். உயிர் பிழைப்பை அளக்கும் அளவுக்கு ஓர் ஆய்வேட்டில் ஆள் சேர்க்க முடியாது. சரியான நோயறிதலுக்கு எடுத்த நிமிடங்கள், ஸ்கேனால் மாறிய சிகிச்சைகள் ஆகியவற்றை உங்களால் நேர்மையாக அளக்க முடியும்.

கேள்வி: இதயம் நின்றவருக்கு சி.பி.ஆர். நடக்கும்போது ஸ்கேன் செய்யலாமா?
— செவிலியர், வேலூர்

செய்யலாம், மார்பு அழுத்தம் தாமதமாகாத வரை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் செய்தபோது நாடி பார்க்கும் இடைவெளி சராசரியாக 21 விநாடி நீண்டது, செய்யாதபோது 13. பத்து விநாடிக்கு மேல் கூடாது என்பதே விதி. அழுத்தம் நடக்கும்போதே புரோப்பை மார்பெலும்பின் கீழே வைத்துப் படத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். நிறுத்தச் சொன்னதும் பதிவு பொத்தானை அழுத்தி ஆறு விநாடி எடுத்து, புரோப்பை எடுத்துவிட வேண்டும். படிப்பதெல்லாம் அழுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகுதான். பத்துவரை உரக்க எண்ணும் பொறுப்பைச் செவிலியர் எடுத்துக்கொள்வது மிகச் சரி. "பத்து" என்றதும் டாக்டர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அழுத்தத்தைத் தொடங்குங்கள். குழுவை வழிநடத்துபவர் கையில் புரோப் இருக்கக் கூடாது.

கேள்வி: ஃபோனில் இணைக்கும் கையடக்க ஸ்கேன் கருவியைச் சொந்தமாக வாங்கி எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்லலாமா?
— பொது மருத்துவர், திண்டுக்கல்

கூடாது. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பையில் அடங்கும் கருவிக்கும் பொருந்தும். கருவியும் அது இருக்கும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், விதிப்படி பதிவான நடமாடும் மருத்துவ வாகனத்திலும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். விற்பவர் "நுரையீரலுக்குத்தானே" என்று சொல்வது சட்டத்தின் முன் நிற்காது. பணம் கட்டும் முன் மாவட்டத்தின் உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

கேள்வி: நுரையீரல் உறையில் எவ்வளவு நீர் என்று ஊசி போடும் முன் கணக்கிட முடியுமா? வழக்கமான ஜெல்லையே ஊசி போடும் இடத்தில் தடவலாமா?
— பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்

வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் 2006-இல் கண்டறிந்த எளிய கணக்கு ஒன்று உண்டு. நோயாளி மல்லாந்து, முதுகுப் பக்கம் 15 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் மார்புச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையிலான அதிகபட்ச இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து 20-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டர் வரும். 25 மில்லிமீட்டர் என்றால் சுமார் 500 மில்லி. உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

அளவைவிட முக்கியம் உதரவிதானம் எங்கே என்பது. அது மூச்சோடு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே ஊசி போடும் இடத்தைக் குறியுங்கள். அதைப் பார்க்காமல் கறுப்பைக் கண்டதும் குறித்தால், வலப்பக்கம் கல்லீரலையும் இடப்பக்கம் மண்ணீரலையும் குத்த நேரிடும். குறியிட்ட பின் நோயாளி நிலை மாறினால் குறி செல்லாது.

ஊசி போடும் இடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டுக்கான, கிருமி நீக்கிய ஜெல் பொட்டலம்தான். வழக்கமான பாட்டில் ஜெல் கிருமி நீக்கப்பட்டதல்ல. மாசுபட்ட ஜெல்லால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாத் தொற்று பரவியதாக 2012-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வெளியானது. தீர்ந்த பாட்டிலில் பெரிய கேனிலிருந்து ஊற்றி நிரப்பும் பழக்கத்தை உங்கள் வார்டில் கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு புரோப்பில் உள்ள ஜெல்லை முதலில் முழுக்கத் துடைத்தெடுத்து, அதன் பிறகே கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். ஜெல் படிந்திருந்தால் மருந்து புரோப்பைத் தொடாது. எந்த மருந்து என்பதைக் கருவியின் கையேட்டில் பாருங்கள். சில புரோப்களின் முகப்பு ரப்பர் ஸ்பிரிட் பட்டால் விரிசல் விட்டுப்போகும்.